தொட்டிக் காட்சி

பௌர்ணமியில் முகூர்த்தம் வந்தால் நான் ஆர்டர் எடுப்பதில்லை. கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை மறித்துவிடுவார்கள். ஆட்டோ கிடைக்காது. கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து மண்டபம் போய்ச் சேர்வதற்குள் தாலி கட்டி முடிந்திருக்கும். ஒருமுறை அப்படித்தான் ஆனது. பெண்ணின் சித்தப்பா என் முதுகில் தட்டிக்கொடுத்து, "அதனால இன்னா தம்பி, இன்னொரு வாட்டி கட்டச் சொல்றோம், நீ எடுத்துக்க" என்றார். மாப்பிள்ளை பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் ஏற்கெனவே விழுந்திருந்த முடிச்சை மறுபடி இறுக்குவது போலச் செய்தான். பெண் சிரிப்பை அடக்கக் குனிந்தாள். நாதஸ்வரக்காரரும் இன்னொரு தடவை ஊதினார். அந்த வீட்டில் இன்றைக்கும் அதைப் போட்டுப் பார்த்துக் கண்கலங்குகிறார்களாம். எனக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவர்கள் பார்த்து அழுவது பொய்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரேணுகாம்பாள் மேடம், நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதச் சொன்னீர்கள். இன்ஸ்பெக்டராக இருந்துகொண்டு ஒருவனைப் பேச விட்டுக் கேட்கிறீர்கள், அதற்கு நன்றி. நான் எதையும் மறைக்கப்போவதில்லை. மன்னிப்பும் கேட்கப்போவதில்லை.

என் பெயர் ஆதவன். வேங்கிக்காலில் வீடு, தேரடித் தெருவில் ஸ்டுடியோ. என் மனைவி மணிமொழியின் தம்பி வளவன் போன வருஷம் ஒரு பழைய அரிசி மில் தொட்டியில் விஷவாயு தாக்கி இறந்தான். அது விபத்து என்று அப்போது நான்தான் எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரி அதை நம்பினார். அவர் மேல் குற்றமில்லை. நான் தெளிவாகப் பேசக்கூடியவன்.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் நான் ஏதோ கொலைகாரன் போலத் தெரிவேன்.

சென்னையில் பல வருஷம் உதவி இயக்குநராக இருந்தேன். அங்கே நான் கற்றுக்கொண்டதெல்லாம் பெரிய நடிகர் வரும்போது எங்கே நிற்கக் கூடாது என்பதுதான். ஊருக்குத் திரும்பிக் கல்யாண வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். ஆனால் ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பது மட்டும் உள்ளே கிடந்தது. கையில் இருக்கிற கேமராவையும் ஊரில் இருக்கிற இடத்தையும் வைத்தே எடுக்கக்கூடிய படம். அப்படி வந்ததுதான் 'பதர்'.

நெல்லில் அரிசி பிடிக்காமல் வெறும் உமியாக நிற்குமே, அதுதான் பதர். செத்துப்போன மில் ஆட்கள் உள்ளே ஒன்றும் இல்லாமல் எழுந்து நடக்கிறார்கள். மற்றவர்கள் ஜாம்பி என்பார்கள். என் படத்தில் அந்தச் சொல்லை ஒருவரும் சொல்லமாட்டார்கள். கல்யாணம் ஆகப்போகும் ஒரு ஜோடியைப் படம் எடுக்க ஒரு வீடியோக்காரன் அந்த மூடிய மில்லுக்குப் போகிறான். யாரும் திரும்பி வருவதில்லை. கேமரா மட்டும் பிறகு யாருக்கோ கிடைக்கிறது. அதில் பதிவாகியிருப்பதுதான் முழுப் படமும். இசை இல்லை, பாட்டு இல்லை, அந்த ஒரு கேமரா கண்டது மட்டும்தான்.

இந்த மாதிரிப் படத்துக்குச் சட்டம் ஒன்றுதான். கேமரா வைத்திருப்பவன் அதைக் கீழே வைக்கக் கூடாது. அவன் ஓடலாம், அழலாம், விழலாம். கீழே வைத்தால் படம் அங்கேயே முடிந்துவிடும். அந்த வீடியோக்காரன் நான்தான். முகம் எங்கும் தெரியாது. மூச்சு மட்டும் கேட்கும்.

வளவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடையில் வேலை செய்தான். மணிமொழி அவனைவிட மூத்தவள். அப்பா அம்மா போன பிறகு அவள்தான் தலை வாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வளர்த்தாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டிலேயே இருந்தான். சாப்பிட உட்கார்ந்தால் என் தட்டில் இருக்கும் அப்பளத்தை எடுத்துத் தின்பான். நான் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. நடிக்க வேண்டும் என்று அவனுக்கு அவ்வளவு ஆசை. ஒரு தொட்டிக்குள்ளிருந்து எழுந்து மேலே ஏறி வரும் பிணமாக அவனைத்தான் போட்டேன். படத்தின் உயிரே அந்தக் காட்சிதான்.

ஆனால் அவனுக்கு நடிப்பு வரவில்லை. இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு காலை இழுத்துக்கொண்டு, செருப்பு அறுந்தவன் பஸ் பிடிக்கப் போவது போல நடப்பான். கண்ணை மேலே சொருகுவான், உடனே சிரித்துவிடுவான். வேஷம் போட்டுவிடும் சோமேஷும் சேர்ந்து சிரிப்பான். நான் ஒரு நாள் வளவனைத் தனியாக உட்காரவைத்து என்னிடம் இருந்த ஒரு வீடியோவைக் காட்டினேன்.

அது ஒரு உள்ளூர் சேனலுக்காக நான் முன்பு எடுத்தது. ஒரு லாட்ஜின் கழிவுத் தொட்டியில் இறங்கியவர்களை வாயு அடித்துவிட்டது. ஒருவர் மட்டும் தானாக மேலே வந்தார். எழுந்து நின்றார். கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. சுவரைத் தேடுவது போல இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, கால் பின்ன, கொஞ்ச தூரம் நடந்து முகம் குப்புற விழுந்தார். சேனலில் அதைப் போடவில்லை, ரொம்பக் கோரம் என்றார்கள். நான் பத்திரமாக வைத்திருந்தேன். எத்தனையோ நடிகர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்த நடைக்கு ஈடாக ஒருவரும் நடந்ததில்லை.

"மாமா, இது நெசமா?" என்று கேட்டான் வளவன்.

"நெசந்தான். நடையப் பாரு. கைய எப்படி வெச்சிருக்காரு பாரு."

"வாணாம் மாமா. நிறுத்து. ஒரு மாதிரியா கீது."

முழுதாகப் பார்க்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டான். அவன் மனசு அவ்வளவுதான்.

படம் முடிந்து வெளிவந்த கதையை இப்போது சொல்லிவிடுகிறேன். வளவன் இறந்து சில மாதம் கழித்து வந்தது. நம் ஊர் தியேட்டர் ஒன்றில் மட்டும் போட்டார்கள். பிறகு ஆன்லைனில் விட்டோம். ஆரம்பத்தில் அவன் போட்டோ வரும், 'இந்தப் படம் வளவனுக்கு' என்று எழுத்து வரும். மணிமொழி அதைப் பார்த்துத் தியேட்டரிலேயே என் தோளில் சாய்ந்து அழுதாள். தொட்டிக் காட்சி முந்தின நாள் எடுத்தது என்றும், மறுநாள் உள்ளே விழுந்த ஏதோ பொருளை எடுக்க அவனாக இறங்கிவிட்டான் என்றும் அவளுக்குச் சொல்லியிருந்தேன். உங்கள் ஸ்டேஷனிலும் அதைத்தான் சொல்லியிருந்தேன். அதனால் அந்தக் காட்சி வந்தபோது அவளால் பெருமையாகப் பார்க்க முடிந்தது. "எவ்ளோ நல்லா பண்ணிருக்கான் பாருங்க" என்றாள். அந்தப் பெருமையை அவளுக்குக் கொடுத்தது நான்தான். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

படத்துக்குக் கிடைத்த வரவேற்பு இரண்டாகப் பிளந்து நின்றது. கேமரா ஆட்டத்தில் தலை சுற்றி வாந்தி எடுத்ததாகச் சிலர் சொன்னார்கள். கோயில் ஊரில் பிணம் நடக்கிற படமா என்று ஒரு பெரியவர் டிக்கெட் கவுண்டரில் சண்டை போட்டார். கலை காலேஜ் பையன்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கத்துக் கஃபே ஒன்றில் வெள்ளைத் துணி கட்டி ஒரு சாயங்காலம் போட்டோம். தியானம் பண்ண வந்த வெளிநாட்டுக்காரர்கள் பாதியில் எழுந்து போனார்கள். ஒரு அம்மாள் மட்டும் கடைசி வரை இருந்து, என் கையை இறுகப் பிடித்துவிட்டுப் போனார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் உயர்ந்தது.

எல்லாச் சண்டையும் கடைசியில் தொட்டிக் காட்சியில்தான் வந்து நிற்கும். அந்தக் காட்சியில் சத்தமே வராது. பிணம் எழுந்து, கையை நீட்டிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடியபடி ஏறி வருகிறது, காதில் ஒன்றுமில்லை. பாதிப் பேர் இது மேதை வேலை என்று எழுதினார்கள். மீதிப் பேர் மைக் வாங்க வக்கில்லாதவன் எல்லாம் படம் எடுக்க வந்துவிட்டான் என்று எழுதினார்கள். தியேட்டரில் அந்த இடம் வந்தால் பின்வரிசையிலிருந்து கத்துவார்கள்: "டேய், கேமராவ கீழ போட்டுட்டு ஓடுடா!" அப்புறம் அதுவே ஊரெல்லாம் கேலியாகிவிட்டது. டீக்கடையில் யாராவது போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், "கேமராவ கீழ போடுடா" என்பார்கள்.

கேலி எனக்கு உறைக்காது. என்னை உறுத்தியது சைலஜாவின் விமர்சனம்.

சைலஜா நம் ஊர்ப் பெண். கோயில் குருக்கள் குடும்பம். இப்போது சென்னையில் இருந்துகொண்டு யூடியூபில் படங்களைப் பற்றிப் பேசுகிறாள். நியாயமாகப் பேசுவாள் என்று பெயர். படத்தைப் பாதி வரை புகழ்ந்தாள். மில்லுக்குள் வெளிச்சம் விழும் விதம், ஜோடியின் பேச்சு எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு இப்படிச் சொன்னாள்: "ஆனா அந்தத் தொட்டி சீன், சாரி, அது பொய். கண்ணு முன்னாடி ஒருத்தன் அப்படி வரும்போது எந்த மனுஷனும் கேமராவ ஆடாம பிடிச்சிட்டு நிக்க மாட்டான். படம் முழுக்க நடுங்கற கை, அங்க மட்டும் எப்படி நடுங்கல? அந்த இடத்துல டைரக்டர் மனுஷங்கள மறந்துட்டாரு."

நான் அவளுக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினேன்.

"நீங்க சொல்றது தப்பு மேடம். மனுஷன் அப்படி நிப்பான்."

"எதை வெச்சு சொல்றீங்க, சார்?"

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியறது எனக்குப் படத்துல தெரியலையே சார். நீங்க உருவாக்கின சீன், உங்களுக்குப் பிடிக்கும். எனக்கு அது செயற்கையா இருக்கு, அவ்ளோதான்."

செயற்கை. என் படத்தில் செயற்கையே இல்லாத ஒரே இடத்தை அவள் செயற்கை என்றாள். போனை வைத்த பிறகு அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். இரண்டாம் தடவை கட்டிய தாலியைப் பார்த்து அழுகிறார்கள். உண்மையைக் காட்டினால் பொய் என்கிறார்கள். யாராவது ஒருவர் இதைச் சரிசெய்ய வேண்டாமா?

அந்தக் காட்சியின் அசல் பதிவை, வெட்டாமல், சத்தத்தோடு, நானே ஆன்லைனில் போட்டேன். 'நம்பாதவர்களுக்கு' என்று தலைப்பு கொடுத்தேன். வேறு யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, எந்தத் துப்பும் துலங்கவில்லை. இதை நீங்கள் கட்டாயம் பதிவு செய்துகொள்ள வேண்டும். நான் மாட்டிக்கொண்டவன் இல்லை. நானாகக் காட்டினேன்.

மணிமொழி அதை ஆபீசில் பார்த்திருக்கிறாள். யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அவள் வேலை செய்யும் கலெக்டர் ஆபீசிலிருந்து எங்கள் வீடு நடக்கிற தூரம்தான். மத்தியானம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து போனை என் முன்னால் மேசையில் வைத்தாள். அதில் ஓடிக்கொண்டிருந்தது. குரல் வந்தது: "மாமா. மாமா. முடில மாமா."

"இது படத்துல இல்லையே" என்றாள்.

"சத்தத்த எடுத்துட்டேன். காட்சிக்குத் தேவையில்ல."

"நடிக்கும்போது எதுக்குங்க மாமான்னு கூப்புடறான்?"

நான் கையை நீட்டிப் போனின் சத்தத்தைக் குறைத்தேன்.

"நடிக்கல. உங்களத்தான் கூப்புடறான்." அவள் குரல் ஏறவில்லை. "முந்தின நாள்னு சொன்னீங்களே. அவன் செத்த அன்னிக்கித்தானா இது?"

"மணி, அதுல அவன் எப்படி வந்திருக்கான்னு பாரு. உலகமே பாக்குது."

அவள் என்னைப் பார்த்தாள். "எத்தினி வாட்டி கூப்புட்டான்னு எண்ணிட்டு வந்தேன், பாதில விட்டுட்டேன்" என்றாள். போனை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். அவளுக்குச் சினிமா தெரியாது.

இப்போது அன்றைக்கு நடந்தது.

புழுங்கல் அரிசி போடுகிற மில்லில் நெல் ஊறவைத்த தண்ணீர் நாறும். அதைத் தேக்க ஒரு மூடிய தொட்டி இருக்கும். மில் மூடியபோது அந்தத் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டார்கள். மேலே கல்பலகை மூடியிருந்தது. அடியில் சேறு காய்ந்து ஏடு கட்டியிருந்தது. பலகையைக் கடப்பாரையால் நகர்த்தியபோது வந்த வாடை எனக்குத் தெரிந்த வாடை. லாட்ஜ் தொட்டியில் வந்த அதே வாடை.

ஆமாம், மேடம். எனக்குத் தெரிந்திருந்தது. காலையில் நீங்கள் இரண்டு விதமாகக் கேட்டீர்கள், நான் இரண்டு விதமாகத் தப்பித்தேன். இப்போது நேராக எழுதுகிறேன். அந்தத் தொட்டியைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். பக்கத்தில் நல்ல தொட்டி ஒன்று இருந்தது, சுத்தமாக, பயமில்லாமல். அதில் அவனைப் பல தடவை எடுத்துப் பார்த்தாகிவிட்டது. செருப்பு அறுந்த நடைதான் வந்தது. லாட்ஜ் தொட்டியிலிருந்து வந்தவர் நடந்த நடை இவனுக்கு ஒரே ஒரு நிமிஷம் வந்தால் போதும் என்று நினைத்தேன். கொஞ்சம் வாயு, கொஞ்சம் தலைசுற்றல். மருத்துவரே மயக்க மருந்து கொடுக்கவில்லையா? அளவு தெரிந்தால் எதுவும் ஆபத்தில்லை. அளவு எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

சோமேஷையும் மற்றவர்களையும் டீயும் பஜ்ஜியும் வாங்கி வரச் சொல்லி ஊருக்குள் அனுப்பினேன். கூட்டம் இருந்தால் வளவன் சிரித்துவிடுவான், அதற்காகத்தான்.

முதல் தடவை இறங்கியவன் உடனே மேலே வந்துவிட்டான். சோமேஷ் பூசிவிட்ட சாம்பல் நிற முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அழுகின முட்ட நாத்தம் மாமா. தல வலிக்குது" என்றான்.

"கொஞ்ச நேரம்தான் மாப்ள. படுத்து எழுந்திரிச்சு ஏறி வா. அவ்ளோதான்."

"பக்கத்துத் தொட்டில எடுத்துக்கலாமே மாமா."

"அங்க வெளிச்சம் கம்மி."

நம்பினான். நான் எது சொன்னாலும் நம்புவான். இரண்டாவது தடவை இறங்கிப் படுத்தான். நான் மேலிருந்து கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கீழேயிருந்து அவன் குரல் வந்தது: "மாமா, இப்ப நாத்தமே இல்ல. போயிடுச்சு."

லாட்ஜில் அன்று வந்திருந்த தீயணைப்பு அதிகாரி என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார். நாற்றம் அடிக்கும் வரை பயப்பட வேண்டாம், நாற்றம் நின்றுபோனால்தான் பயப்பட வேண்டும், அதற்குள் மூக்கு செத்திருக்கும் என்று. எனக்கு அது ஞாபகம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். "அப்ப சௌகரியம்தான், ஆரம்பிக்கலாம்" என்றேன். அந்தக் குரலும் பதிவில் இருக்கிறது. அதையும் நான் வெட்டவில்லை.

அவன் எழுந்தான். மேடம், நீங்கள் அதைப் போனில்தான் பார்த்திருப்பீர்கள். ஒருமுறை பெரிய திரையில் பாருங்கள். எழுந்து நின்றவன் வளவன் இல்லை. கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. கை தானாக முன்னால் வருகிறது. கால் பின்னுகிறது. வாயோரம் நுரை. அத்தனை வருஷம் சென்னையில் நான் தேடிய ஒன்று என் எதிரில் நடந்து வந்தது. என் கை எப்படி நடுங்கவில்லை என்று சைலஜா கேட்டாளே, ஏன் நடுங்க வேண்டும்? நல்லது நடக்கும்போது யாருக்காவது கை நடுங்குமா?

இரும்புப் படியைத் தடவிக் கண்டுபிடித்தான். ஏறினான். ஒரு படி, நின்று, இன்னொரு படி. அப்போதுதான் "மாமா" என்று கூப்பிட ஆரம்பித்தான். அது வசனத்தில் இல்லை. அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவன் நடிக்கவில்லை என்பதும், நிறுத்த வேண்டும் என்பதும். கீழே வைத்தால் படம் முடிந்துவிடும் என்பதும் அதே நொடியில் தெரிந்தது. இந்த மூன்றில் கடைசியானதுதான் என் கையில் இருந்தது, கேமரா.

அவன் விரல்கள் தொட்டி விளிம்பைப் பிடித்தன. என் செருப்பைத் தொட்டன. படத்தில் அந்த இடத்தில் கேமரா ஓரடி பின்னால் போகும். அதைப் பலரும் பாராட்டினார்கள், பயத்தில் மனிதன் பின்வாங்குவதை எவ்வளவு இயல்பாகக் காட்டியிருக்கிறார் என்று. அவர்களுக்கும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமில்லை. கை லென்ஸுக்கு மிகவும் பக்கத்தில் வந்துவிட்டதால் முகம் மங்கியது. ஓரடி போனால்தான் முகம் தெளிவாகக் கிடைக்கும்.

விளிம்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. கீழே விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. ஏடு உடைந்து சேறு அவனை வாங்கிக்கொண்டது. நான் இன்னும் சிறிது நேரம் எடுத்தேன், அசைவு நிற்கும் வரை. பிறகுதான் கேமராவைப் பையில் வைத்து, ஜிப்பைப் போட்டு, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். அவர்கள் முகமூடி போட்டு இறங்கி எடுத்தார்கள். சோமேஷ் பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்து நின்றான். நான் அழுதேன். அது நடிப்பில்லை.

இறங்கிக் காப்பாற்றியிருக்கலாமே என்று ஊரில் இன்று பேசுகிறார்கள். விவரம் தெரியாதவர்கள். விஷவாயுத் தொட்டியில் ஒருவனைத் தூக்க இறங்கியவர்கள்தான் இந்த ஜில்லாவில் ஜாஸ்தி செத்திருக்கிறார்கள். இறங்கியிருந்தால் நானும் போயிருப்பேன். மணிமொழிக்கு ஒரே நாளில் இரண்டு சாவு. படமும் இருக்காது. இதைக் காலையில் உங்களிடம் சொன்னபோது நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டீர்கள்.

"உங்கள எறங்கச் சொல்லல ஆதவன். அவன்தான் மேல வரைக்கும் வந்துட்டானே. கையப் புடிச்சுத் தூக்கி வுட்டிருக்கலாம்ல?"

"கேமரா இருந்துச்சு மேடம்."

"எந்தக் கைல?"

"வலது கைல."

"இடது கை?"

அப்போது நான் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாமல் இல்லை. சரியாக ஞாபகப்படுத்திக்கொண்டு சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். உண்மையை அரைகுறையாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. நீங்கள் வெளியே போன பிறகு கண்ணை மூடி அந்த இடத்தில் மறுபடி நின்று பார்த்தேன். இப்போது எழுதித் தருகிறேன். இதைப் படித்தால் நான் அவனைக் கைவிட்டவன் இல்லை என்பது உங்களுக்கும் மணிமொழிக்கும் விளங்கும்.

மேற்குச் சுவரில் தகடு பெயர்ந்துபோன இடத்தின் வழியாகச் சாயங்கால வெயில் நேராக லென்ஸில் விழுந்துகொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் முழுக்க வெள்ளையாகப் போயிருக்கும். வளவனின் முகமே தெரிந்திருக்காது. அவன் விரல்கள் விளிம்பை விடும் வரைக்கும் என் இடது கை லென்ஸுக்கு மேலே, வெயில் படாமல், நிழல் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவனுக்காக நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான் இருந்தது, அதைச் செய்தேன்.